செப்பேட்டின் எல்லையும் ராக்கெட்டின் கணக்கும்

நெய்யாறு கடலில் கலக்கும் பூவாரிலிருந்து தென்கிழக்காக, ஒரு காலைப்பொழுதில் நடந்தே போய்ச் சேரக்கூடிய தொலைவில், முஞ்சிறையை அடுத்துப் பார்த்திவபுரம் என்னும் ஊர் இருக்கிறது. கி.பி. 9ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே ஒரு திருமால் கோயிலை எடுப்பித்து, காந்தளூர்ச் சாலை என்னும் கல்விநிலையத்தின் நெறிகளைப் பின்பற்றி 95 மாணாக்கர் பயிலும் ஒரு சாலையையும் நிறுவி, அவற்றுக்கான ஏற்பாடுகளைச் செப்பேட்டில் பொறித்துவைத்தான். பிற்காலத்தில் திருவிதாங்கூர் அரசின் ஹஜூர் அலுவலகத்தில் இருந்தமையால் ஹஜூர் அலுவலகச் செப்பேடு என்று பெயர்பெற்ற அந்த ஆவணம், ஏறத்தாழ 1,150 ஆண்டுகளுக்குப் பின்னும் படித்துப் பொருள் சொல்லத்தக்கதாக இருக்கிறது. அதே பூவாரிலிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கே சென்றால், திருவனந்தபுரத்துக்கு அப்பால் தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இருக்கிறது. கிழக்கே நாகர்கோவிலைக் கடந்தால், ராக்கெட் எஞ்சின்களை எரித்துச் சோதிக்கும் மகேந்திரகிரி இருக்கிறது. இத்தகைய இடங்களில், ஒரு தொட்டியோ இறக்கையோ எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதைக் கணினியில் கணித்துச் சேமித்த கோப்பு ஒன்று, 25 ஆண்டுகள் கழிவதற்குள்ளாகவே எவராலும் திறக்க முடியாததாக ஆகிவிடக்கூடும் என்பது உலகெங்கும் வானூர்தித் துறையினரை வாட்டும் சிக்கலாகும். ஆயிரம் ஆண்டு கடந்த ஏடு பேசுகிறது; ஒரு தலைமுறைக்கு முந்தைய கோப்பு ஊமையாகிறது. இது எப்படி நேர்கிறது?

செம்பு உறுதியானது, காந்த வட்டு மெலிந்தது என்பது முதலில் தோன்றும் விடை. அது பாதிகூடச் சரியில்லை. கணினிக் கோப்பை ஒரு பிசகும் இல்லாமல் நூறு முறை படியெடுக்கலாம். ஒவ்வொரு படியும் மூலத்தோடு பொருந்துகிறதா என்பதை, கோப்பு முழுவதிலிருந்தும் கணக்கிட்டு எடுக்கப்படும் ஒரு சிறு எண்ணை, அதாவது கோப்பின் கைரேகை எனத்தக்க ஒன்றை ஒப்பிட்டு நொடியில் அறியலாம். ஓலைச்சுவடியைப் படியெடுத்தவர்களுக்கு இந்த வசதி இருக்கவில்லை. 1966, 1967ஆம் ஆண்டுகளில் நிலவைச் சுற்றிவந்து படம் அனுப்பிய அமெரிக்காவின் லூனார் ஆர்பிட்டர் கலங்களின் காந்த நாடாக்கள் நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் கெடாமல் இருந்தன; அவற்றைப் படிக்கும் ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 என்னும் இயந்திரந்தான் உலகில் அரிதாகிவிட்டிருந்தது. கைவிடப்பட்ட அந்த இயந்திரங்களைச் சிலர் காப்பாற்றி வைத்திருந்ததாலும், அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் உயிரோடு இருந்ததாலுமே 2008 முதல் அந்தப் படங்கள் மீட்கப்பட்டன. பொருள் பிழைத்திருப்பதும் அதைப் படிக்கும் வழி பிழைத்திருப்பதும் வேறு வேறு.

செப்பேட்டுக்கும் இதே நிலைதான். அதன் பழைய எழுத்தை இன்று பூவாரிலோ பாறசாலையிலோ தெருவில் போகும் ஒருவர் படித்துவிட முடியாது. அந்த எழுத்தின் ஒவ்வொரு வடிவத்துக்கும் உரிய ஒலி இன்னது என்பதை அறிஞர்கள் மீட்டெடுத்து வைத்திருந்ததாலேயே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டி. ஏ. கோபிநாத ராவ் போன்றவர்களால் அதைத் திருவிதாங்கூர் தொல்லியல் தொடரில் பதிப்பிக்க முடிந்தது. திருவனந்தபுரத்து ஆவணக் காப்பகத்தில், பத்மநாப சுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்களாக இலட்சக்கணக்கான ஓலைகள் இன்றும் இருக்கின்றன. அவற்றிலுள்ள பழைய எழுத்துகளைச் சரளமாகப் படிப்போர் சிலரே. ஓலை இருக்கிறது, எழுத்து இருக்கிறது. எழுத்தைப் பொருளாக்கும் விதி சிலரது நினைவில் மட்டுமே இருக்கிறது. காப்பக இயலில் இந்த விதிக்குத் தனிப்பெயர் உண்டு. தமிழில் அதைப் ‘பொருள்கோள் தகவல்’ எனலாம். தரவோடு பொருள்கோள் தகவலையும் சேர்த்துக் காப்பதே காப்பு என்னும் கொள்கை, விண்வெளி முகமைகளின் கூட்டுக் குழு ஒன்று உருவாக்கி, 2003இல் ஐஎஸ்ஓ 14721 என்ற எண்ணோடு அனைத்துலகத் தரமாக வெளிவந்த ஆவணத்தின் நடுக்கருத்தாகும். அந்தச் சிந்தனை நூலகர்களிடமிருந்து வராமல், விண்கலத் தரவுகளைப் படிக்க முடியாமல் தவித்த துறையிலிருந்து வந்தது என்பது கவனிக்கத்தக்கது.

வானூர்தித் துறைக்கு இந்தக் கவலை மற்றவர்களைவிட மிகுதியாக இருப்பதற்குக் காரணம் ஆயுட்காலக் கணக்கு. ஒரு மென்பொருள் பதிப்பு சில ஆண்டுகளே வழக்கில் இருக்கும். ஒரு கணினி வகை பத்தாண்டு தாங்கினால் பெரிது. 1963இல் இந்திய விமானப் படையில் சேர்ந்த மிக்-21 வகை விமானமோ 2025 செப்டம்பரில்தான் ஓய்வுபெற்றது. 1952இல் முதன்முதலாகப் பறந்த அமெரிக்காவின் பி-52 வகை விமானங்கள் இன்னும் பணியில் இருக்கின்றன. ராக்கெட்டுக்கு ஒருநாள் வாழ்வுதான் என்றாலும் அதன் வடிவமைப்புக்கு நெடிய வாழ்வு உண்டு. பிரான்சு நாட்டின் எஸ்ஈபி நிறுவனத்தோடு 1974இல் செய்துகொண்ட உடன்பாட்டின் வழியே வைக்கிங் எஞ்சினின் தொழில்நுட்பத்தைக் கற்று இந்தியா உருவாக்கிய விகாஸ் எஞ்சின், இன்றுவரை பிஎஸ்எல்வி, ஜிஎஸ்எல்வி, எல்விஎம்3 ஆகிய மூன்றிலும் எரிகிறது. மனிதரை ஏற்றிச்செல்லும் ககன்யான் திட்டத்துக்காக அதே எஞ்சின் 2021 ஜூலை 14 அன்று மகேந்திரகிரியில் 240 நொடி தொடர்ந்து எரித்துச் சோதிக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு முன் வேறொரு நோக்கத்துக்காக வரையப்பட்ட ஒரு பொருளின் மேல் இப்போது மனித உயிர் ஏறி அமரப்போகிறது என்றால், அதன் ஒவ்வொரு சுவரும் ஏன் அந்தத் தடிப்பில் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை சொல்லும் கணக்குகள் எங்கேனும் இருந்தாக வேண்டும். பயணிகள் விமானங்களுக்கு இது சட்டக் கடமையாகவும் இருக்கிறது: ஒரு வகை விமானம் பறக்கும் வரை, அது பாதுகாப்பானது என்பதற்கான சான்றுகளை அதன் வடிவமைப்பாளர் வைத்திருந்து, கேட்கும்போது காட்ட வேண்டும்.

அந்தச் சான்றுகளுள் பெரும்பங்கு ஒருகாலத்தில் காகிதமாகவும், உடைத்துப் பார்த்த மாதிரிகளின் அளவீடுகளாகவும் இருந்தது. இப்போது அது பெரும்பாலும் ‘சிமுலேஷன்’ ஆகிவிட்டது. மெய்யான பொருளுக்கு நேர்வதைக் கணினியில் எண்களால் நடித்துக் காட்டுவதே இது என்பதால், பாவனைக் கணிப்பு என்று இதைச் சொல்லலாம். இதில் எதைக் காக்க வேண்டும் என்பது விளங்க, இது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

பூவார் கரையில் கரைமடி இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படையை விளக்குவது எளிது. இரு பக்கமும் நின்று பலர் கயிற்றை இழுக்கும்போது, அந்த விசை வலை முழுவதும் ஒரே அளவாகப் பரவுவதில்லை. ஒவ்வொரு முடிச்சும் தன்னைச் சுற்றியுள்ள முடிச்சுகளால் பல திசைகளில் இழுக்கப்பட்டு, எல்லா இழுப்பும் சமனாகும் ஓர் இடத்தில் போய் நிற்கிறது. ஒரு முடிச்சுக்கு மட்டும் கணக்கிடுவது எளிது. பத்தாயிரம் முடிச்சுகளுக்கு ஒரே நேரத்தில் கணக்கிட்டால் வலை எந்த வடிவத்தில் நிற்கும், எந்த இழை முதலில் அறும் என்பது தெரிந்துவிடும். வலையில் முடிச்சும் கண்ணியும் இயல்பாகவே உள்ளன. ஒரு ராக்கெட்டின் அலுமினியத் தொட்டியில் அவை இல்லை. ஆகவே பொறியாளர் அந்தச் சுவரைக் கற்பனையாக இலட்சக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்து, அவை சேரும் இடங்களில் முடிச்சுகள் இருப்பதாகக் கொள்கிறார். துண்டுக்குக் கூறு என்றும் முடிச்சுக்குக் கணு என்றும் பெயர். முறைக்கு ‘வரம்புறு கூறு முறை’ என்று பெயர். 1950களில் விமான இறக்கைகளைக் கணிக்கும் முயற்சியில் வளர்ந்த இந்த முறையை, அமெரிக்காவின் நாசா 1960களின் பிற்பகுதியில் நாஸ்ட்ரான் என்ற மென்பொருளாக்கியது; தும்பாவில் இஸ்ரோவின் கட்டமைப்புப் பொறியாளர்கள் ஃபீஸ்ட் என்ற சொந்த மென்பொருளைப் பல பத்தாண்டுகளாக வளர்த்து வருகிறார்கள். காற்றோட்டத்தையும் வெப்பத்தையும் கணிப்பதற்கு வேறு மென்பொருள்கள் உண்டு. ககன்யானுக்கான காற்றியக்கக் கணிப்புகளில் பயன்பட்ட பிரவாஹா அவற்றுள் ஒன்று. 2011 மே மாதம் தும்பா மையத்தில் தொடங்கிவைக்கப்பட்ட சாகா-220 என்ற மீக்கணினி, நொடிக்கு 220 இலட்சம் கோடிக் கணக்குகளைச் செய்யும் திறனோடு இத்தகைய வேலைக்காகவே அமைக்கப்பட்டது.

வலையின் கண்ணிகள் மட்டும் தெரிந்தால் போதாது. வலையை எங்கே பிடித்திருக்கிறார்கள், யார் எவ்வளவு இழுக்கிறார்கள், உள்ளே எவ்வளவு மீன் என்பது தெரியாமல் எந்தக் கணக்கும் தொடங்காது. இவற்றுக்கு ‘எல்லை நிபந்தனைகள்’ என்று பெயர். பூவாரின் பொழிமுகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டு, கோடையில் வாயை அடைத்து நிற்கும். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையில் ஆறு பெருகினால் அறுபட்டு விலகும். மணல் அதே மணல், கரை அதே கரை. ஆற்றின் வரத்தும் அலையின் உயரமும் ஏற்றவற்றமும் மாறியதால் வடிவம் மாறியது. ஒரு நாள் எடுத்த ஒளிப்படத்தை மட்டும் பார்த்து, அது என்ன நிலையில் எடுக்கப்பட்டது என்று தெரியாமல், ‘பூவார்ப் பொழி இப்படித்தான் இருக்கும்’ என்று சொன்னால் அந்த ஊர்க்காரர் எவரும் ஏற்க மாட்டார். பாவனைக் கணிப்பின் முடிவாக வரும், சிவப்பும் நீலமும் தீட்டிய வண்ணப் படம் அத்தகைய ஒளிப்படந்தான். நிலதானச் சாசனங்களில் கிழக்கெல்லை, தெற்கெல்லை, மேற்கெல்லை, வடக்கெல்லை என்று நான்கையும் குறிப்பது வழக்கம். எல்லை சொல்லாத தானம் எந்த நிலத்துக்கும் பொருந்தாது. எல்லை நிபந்தனை சொல்லாத கணிப்பும் எந்த ராக்கெட்டுக்கும் பொருந்தாது.

நடைமுறையில் அலுவலகங்களில் நெடுங்காலம் பிழைத்திருப்பது அந்த வண்ணப் படமும், அதை ஒட்டிய அறிக்கையும்தான். கணிப்பின் விடை காக்கப்பட்டு, அந்த விடை எந்தக் கேள்விக்கு உரியது என்பது தொலைந்துபோகிறது. பாவனைக் கணிப்பின் நெடுங்காலக் காப்பு என்பது, பிற்காலத்தில் வரும் ஒருவர் அதே கேள்வியை மீண்டும் கேட்கவும், சற்றே மாற்றிக் கேட்கவும் இயலும்படி செய்வது; அதற்குக் குறைந்த எதுவும் இந்தத் துறையில் காப்பு என்று மதிக்கத்தக்கதன்று.

மாற்றிக் கேட்க வேண்டிய தேவை எப்படி எழும் என்பதற்கு ஜிஎஸ்எல்வி-எஃப்10 நல்ல சான்று. 2021 ஆகஸ்ட் 12 அன்று அதிகாலை 5.43க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய அந்த ராக்கெட்டில், முதல் இரண்டு நிலைகளும் சரியாக இயங்கியும், மூன்றாவதான கடுங்குளிர் நிலை தன் பணியைச் செய்யாததால் செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடையவில்லை. உடைந்த பாகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு அங்கே இல்லை. தரையில் இருந்தவர்களிடம் எஞ்சியவை, பறக்கும்போது ராக்கெட் அனுப்பிய அழுத்தம், வெப்பநிலை முதலிய அளவீடுகளின் வரிசைகள் மட்டுமே. மைனஸ் 253 டிகிரி செல்சியஸ் அளவில் திரவ ஹைட்ரஜன் இருக்கும் தொட்டியில், எஞ்சின் பற்றவைக்கும் வேளையில் இருக்க வேண்டிய அழுத்தம் இல்லை என்பதை அந்த வரிசைகள் காட்டின. அழுத்தம் ஏன் கூடவில்லை? மிகையான அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு ஒன்று கசிந்ததே காரணம் என்பது ஆய்வுக் குழுவின் முடிவு. அழுத்தக் குறைவால் தொட்டிக்குள் இருந்த எரிபொருள் ஊக்கு பம்பு முறையாக இயங்கவில்லை. எஞ்சினுக்குப் போதிய ஹைட்ரஜன் சேரவில்லை. இது வெறும் ஊகமாக நின்றுவிடாதபடி, கணினிப் பாவனைகளாலும் பறப்பின் நிலைமைகளை ஒத்த தரைச் சோதனைகளாலும் அது உறுதிசெய்யப்பட்டது என்று இஸ்ரோ அறிவித்தது.

இதில் அறிவியல் எங்கே இருக்கிறது என்பதை உற்று நோக்க வேண்டும். கசிவு இல்லாவிட்டால் அழுத்தம் எந்தக் கோட்டில் ஏறும் என்பதைக் கணிப்பு காட்டும். வால்வில் ஒரு குறிப்பிட்ட அளவு கசிவு இருப்பதாக வைத்தால் கோடு எப்படித் தாழும் என்பதையும் காட்டும். பறப்பில் வந்த மெய்யான கோடு எதனோடு பொருந்துகிறது என்று பார்ப்பதே துப்பறிதல். இந்த ஒப்பீட்டுக்குப் பழைய படம் உதவாது. கசிவு என்ற புதிய நிபந்தனையைச் சேர்த்துப் பழைய கணக்கை மறுபடி ஓட்ட முடிய வேண்டும். கணக்கு செய்து சில ஆண்டுகளுக்குள் விபத்து நேர்ந்தால் அதைச் செய்தவர்கள் பக்கத்து அறையில் இருப்பார்கள். முப்பதாம் ஆண்டில் நேர்ந்தால்?

அந்த முப்பதாம் ஆண்டில் திறக்கப்படும் கோப்பில் என்ன தடைகள் இருக்கும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். முதல் தடை எண்களை எழுதும் முறை. பழைய தமிழ் எண் முறையில் இருபத்தைந்தை ௨௰௫ என்று எழுதுவார்கள். இரண்டு, பத்து, ஐந்து. அந்த முறை தெரியாத ஒருவர் ௰ என்பதைப் பத்து என்று அறிந்திருந்தும் இன்றைய இடமதிப்பு வழக்கத்தில் சேர்த்துப் படித்தால், அவருக்கு 2105 கிடைக்கும். குறிகள் அனைத்தும் தெளிவாக இருக்க, எண் மட்டும் பிழையாகிறது. கணினிகளும் இவ்வாறே, ஓர் எண்ணை எத்தனை இருமக் குறிகளில் எழுதுவது, எந்த முனையிலிருந்து தொடங்குவது என்பதில் ஒன்றுக்கொன்று மாறுபட்டே வளர்ந்தன. ஒரு நிறுவனத்தின் கணினி 60 குறிகளிலும் இன்னொன்று 36 குறிகளிலும் எழுதியது. பின்னம் உள்ள எண்களை எழுதுவதற்கு ஐஇஇஇ 754 என்ற பொதுத்தரம் 1985இல்தான் வந்தது. கணிப்பு மென்பொருள்களின் முடிவுக் கோப்புகளோ இன்றும் அந்தந்த நிறுவனத்தின் சொந்த முறையில்தான் பெரும்பாலும் எழுதப்படுகின்றன.

இங்கே ஒரு சுவையான விலக்கும் உண்டு. நாஸ்ட்ரான் உருவான காலத்தில் கணக்கைத் துளையட்டைகளில் கொடுத்தார்கள். ஓர் அட்டையில் 80 எழுத்துகள், எட்டெட்டு எழுத்தாகப் பத்துப் பத்திகள். அட்டைகள் மறைந்து தலைமுறை கடந்தும், அந்த 80 எழுத்து வரிகளின் அமைப்பு உள்ளீட்டுக் கோப்புகளில் இன்னும் நீடிக்கிறது. எவரும் கண்ணால் படிக்கக்கூடிய எளிய எழுத்துக்கோப்பாக இருந்ததே அதன் நீடிப்புக்குப் பெருங்காரணம். திறமை மிகுந்த, சுருக்கமான, விரைவான வடிவங்கள் பல அதன் கண்முன்னே தோன்றி அழிந்தன.

இரண்டாவது தடை அளவைகள். திருவிதாங்கூர்க் கணக்கோலைகளில் நாழி, இடங்கழி, பறை என்று வரும்போது, எந்த ஊர் நாழி என்று தெரியாவிட்டால் நெல்லின் அளவு தெரியாது. பெரும்பாலான வரம்புறு கூறு மென்பொருள்கள் அலகுகளைக் கேட்பதே இல்லை என்பது பொறியியலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு வியப்பூட்டும்: தடிப்பு 3 என்று கொடுத்தால் அது மில்லிமீட்டரா அங்குலமா என்பது பொறியாளரின் மனதில் மட்டுமே இருக்கிறது. அலகு பிசகினால் என்ன ஆகும் என்பதை 1999 செப்டம்பர் 23 அன்று உலகம் பார்த்தது. ஒரு மென்பொருள் பவுண்டு கணக்கில் தந்த உந்துவிசை எண்களை இன்னொன்று நியூட்டன் கணக்கென்று கொண்டதால், ஏறத்தாழ நாலரை மடங்கு பிழையோடு நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை மிக நெருங்கித் தொலைந்தது. அந்தப் பிழை சமகாலத்தில் பணிபுரிந்த இரு குழுக்களுக்கு இடையே நேர்ந்தது. நாற்பது ஆண்டு இடைவெளியில் நேர்வதற்கு வாய்ப்பு மிகுதி.

மூன்றாவது தடை எல்லாவற்றிலும் நுட்பமானது: சொல்லப்படாத முற்கோள்கள். 1996 ஜூன் 4 அன்று, ஐரோப்பாவின் ஏரியன்-5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் கிளம்பி 40 நொடிக்குள் வழிதவறி வெடித்தது. நன்றாக உழைத்த ஏரியன்-4இலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்ட ஒரு மென்பொருள் துண்டு, கிடைத்திசை வேகத்தைச் சார்ந்த ஓர் எண் ஒரு வரம்பைத் தாண்டாது என்ற முற்கோளின்மேல் எழுதப்பட்டிருந்தது. ஏரியன்-4இன் பாதையில் அது மெய். ஏரியன்-5 அதைவிட விரைவாகச் சாய்ந்து பாயும் ராக்கெட். எண் வரம்பை மீறியது, கணக்கு நின்றது, வழிகாட்டும் கருவி செயலிழந்தது. மென்பொருள் துண்டு முழுமையாகக் காக்கப்பட்டிருந்தது. அது எந்த எல்லைக்குள் மெய் என்ற குறிப்புதான் அதைப் பயன்படுத்தியவர்களின் கண்ணில் படும்படி கூடவே வரவில்லை.

இந்தத் தடைகளுக்கு எதிராக ஐரோப்பிய, அமெரிக்க வானூர்தி நிறுவனங்கள், ஏர்பஸ்ஸும் போயிங்கும் உட்பட, போட்டியை ஒதுக்கிவைத்து ஒன்றுகூடி லோட்டார் என்ற கூட்டமைப்பை நடத்துகின்றன. நெடுங்காலக் காப்பும் மீட்பும் என்பது அந்தப் பெயரின் விரிவு. ஐரோப்பாவில் இஎன் 9300 என்றும் அமெரிக்காவில் என்ஏஎஸ் 9300 என்றும் அதன் தரங்கள் வழங்குகின்றன. முப்பரிமாண வரைபடங்களைக் காப்பதில் தொடங்கிய அந்த முயற்சி பின்னர் பாவனைக் கணிப்புக்கும் விரிந்தது. எந்த மென்பொருளுக்கும் சொந்தமில்லாத ஒரு பொது மொழியில் கணிப்பை எழுதிவைப்பது அதன் முதல் கொள்கை. ஸ்டெப் எனப்படும் ஐஎஸ்ஓ 10303 தரத்தின் 209ஆம் பகுதி அத்தகைய மொழி. அதன் விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 2014இல் வெளிவந்தது. அதில் கணு, கூறு, பொருளின் தன்மை, சுமை, எல்லை நிபந்தனை, முடிவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் இலக்கணம் வகுக்கப்பட்டிருக்கிறது. அலகையும் எழுத இடம் உண்டு. ஸ்டெப் எழுத்துக்கோப்பைத் திறந்தால் அதன் முதல் வரியே ‘ஐஎஸ்ஓ-10303-21’ என்று, தான் எந்த விதிப்படி எழுதப்பட்டேன் என்பதை அறிவிக்கிறது. சாசனங்கள் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று தொடங்குவதுபோல ஒரு மரபான தொடக்கம் என்றாலும், இந்தத் தொடக்கம் அகராதி இருக்கும் இடத்தையும் காட்டிவிடுகிறது.

ஹஜூர் அலுவலகச் செப்பேட்டிலும் இத்தகைய முன்யோசனை ஒன்று உண்டு. மன்னனின் ஆட்சியாண்டை மட்டும் குறித்திருந்தால், அந்த மன்னன் எப்போது முடிசூடினான் என்பது மறந்ததும் காலக்குறிப்பு பொருளற்றுப்போயிருக்கும். அதை எழுதியவர் கலியுகம் தொடங்கியதிலிருந்து கழிந்த நாட்களின் எண்ணிக்கையையும் பொறித்தார். எந்த அரசோடும் கட்டுப்படாத அந்த நாளெண்ணைக் கொண்டே, இன்றைய ஆய்வாளர்கள் அதைக் கிறித்துவ ஆண்டாக மாற்றிக் காலத்தை நிறுவுகிறார்கள். பொதுமொழி என்று பொறியாளர்கள் இன்று தேடுவது இந்தக் குணத்தைத்தான்.

பொதுமொழிக்கு மாற்றும்போதே பிழை புகுந்துவிட்டால் என்ன செய்வது? இதற்கு லோட்டார் சொல்லும் வழி, மளிகைக் கடைக் கணக்கர் நெடுங்காலமாகச் செய்துவருவதை ஒத்தது. பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகையை எழுதி, அடுத்த பக்கத்தின் தலையில் அதையே கொண்டுவந்தால், நடுவில் ஒரு வரி விடுபட்டாலும் தெரிந்துவிடும். அதுபோல, மூல மென்பொருளிலேயே மாதிரியின் மொத்த நிறை, அதன் எடைமையம், கணுக்களின் எண்ணிக்கை, தாங்கிகளில் தோன்றும் எதிர்விசைகளின் கூட்டுத்தொகை முதலியவற்றைக் கணக்கிட்டுக் கோப்போடு சேர்த்துவைக்கிறார்கள். இவற்றைச் ‘சரிபார்ப்பு மதிப்புகள்’ எனலாம். பிற்காலத்தில் வேறொரு மென்பொருள் அந்தக் கோப்பைப் படித்து, இதே தொகைகளைத் தானாகக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நிறை ஒத்துவராவிட்டால் ஏதோ ஒரு துண்டு விழுந்துவிட்டது என்று பொருள். எதிர்விசைகளின் கூட்டுத்தொகை கொடுத்த சுமைக்குச் சமமாக இல்லாவிட்டால், ஒரு சுமையோ ஒரு தாங்கியோ இடம் மாறிவிட்டது. நம்பிக்கையைக் கேட்காமல் சோதனையைக் கேட்கும் இந்த ஏற்பாடே அந்தத் தரங்களில் மிகச் சிறந்த பகுதி என்று சொல்ல இடமுண்டு.

கேள்வியைக் காத்துவிட்டால் விடையைக் காக்க வேண்டுமா என்ற ஐயம் இங்கே இயல்பாக எழும். உள்ளீடு சிறியது, முடிவுக் கோப்பு அதைப்போல் பல மடங்கு பெரியது. கணினிகளின் வேகம் ஏறிக்கொண்டே போவதால், அன்று பல நாள் ஓடிய கணக்கை நாளை சில நிமிடங்களில் ஓட்டிவிடலாமே? ஓட்டலாம், ஆனால் விடை கடைசி எண்வரை அப்படியே வராது. 33 ரூபாய் 40 காசு என்ற தொகையை மூன்று முறை கூட்டி, கடைசியில் காசைத் தள்ளினால் 100 ரூபாய். ஒவ்வொன்றிலும் முதலிலேயே தள்ளிவிட்டுக் கூட்டினால் 99 ரூபாய். கணினியும் ஒவ்வொரு கூட்டலிலும் கடைசி இலக்கத்துக்கு அப்பால் உள்ளதைத் தள்ளுகிறது. பல்லாயிரம் செயலிகள் பங்கிட்டுக் கூட்டும்போது கூட்டும் வரிசை மாறுவதால், கோடிக்கணக்கான கூட்டல்களுக்குப் பின் விடையின் வாலில் சிறு வேறுபாடு நிற்கும். பல கணக்குகளில் அது பொருட்டன்று. மெல்லிய சுவருள்ள உருளை ஒன்று அழுத்தத்தில் நசுங்கும் கணத்தைக் கணிக்கும்போதும், காற்றோட்டத்தின் சுழல்களைக் கணிக்கும்போதும் சிறு வேறுபாடு பெரிதாக வளர்ந்துவிடக்கூடும். ஆகவே ‘அதே விடை’ என்றால் எவ்வளவு நெருக்கத்தில் அதே விடை என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். ஒப்பிடுவதற்கு அன்றைய விடையிலும் தேர்ந்தெடுத்த பகுதிகளைக் காக்க வேண்டும். எந்தச் சுமைநிலையை வைத்து அந்தப் பாகம் பாதுகாப்பானது என்று கையொப்பமிட்டார்களோ, அந்தச் சுமைநிலைக்கான முடிவுகள் முழுமையாக இருக்க வேண்டும். முயன்று பார்த்துக் கைவிட்ட நூறு வடிவங்களின் முடிவுகள் இல்லாமற்போகலாம், கைவிட்ட காரணம் மட்டும் இருந்தால் போதும்.

பழைய கணினியையே புதிய கணினிக்குள் பாவனையாக இயங்கச்செய்து, பழைய மென்பொருளை அதனுள் ஓட்டுவது இன்னொரு வழி. முன்னிருந்த விடையை அப்படியே பெற அது உதவும். அந்த மென்பொருளின் உரிமச் சாவி காலாவதியாகாமல் இருக்க வேண்டும், அதை இயக்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும் என்பதால், அதை மட்டும் நம்பியிருப்பது கருவியைக் காத்து மொழியைத் தொலைப்பதாகிவிடும். ஓலைச்சுவடிகள் இந்த ஈரக் காற்றில் சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவதரிது. இலக்கியங்கள் நம் கைக்கு வந்தது, ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் அவற்றைத் தம் காலத்து எழுத்தில் படியெடுத்ததால். தரவுக் காப்பகங்களும் அவ்வாறே குறித்த இடைவெளியில் கோப்புகளைத் திறந்து, சரிபார்ப்பு மதிப்புகளை ஒப்பிட்டு, வழக்கொழியும் வடிவத்திலிருந்து புதிய வடிவத்துக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. இதற்கு ஆண்டுதோறும் ஆளும் பணமும் வேண்டும். புதிய ராக்கெட்டுக்குக் கிடைக்கும் அக்கறை பழைய கோப்பைத் திறந்து பார்ப்பவருக்குக் கிடைப்பதில்லை என்பதே இத்துறையின் மெய்யான இடர்.

இத்தனை இலக்கணங்களுக்குள்ளும் இன்னும் எளிதில் அடங்காத ஒன்று இருக்கிறது. தொட்டியின் கழுத்தில் கண்ணிகளை நெருக்கமாகவும் நடுச்சுவரில் அகலமாகவும் விட்டது ஏன், இரு பாகங்கள் சேரும் மூட்டை முற்றிலும் இறுகியதாகக் கொண்டது ஏன், இந்தச் சுமையை ஒன்றரை மடங்காக்கியது எந்தச் சோதனையைப் பார்த்த பின் என்ற கேள்விகளுக்கு, கணுவின் எண்ணிலும் கூறின் எண்ணிலும் விடை இருக்காது. கணிப்பைச் செய்தவர் ஓய்வுபெறும் நாளுக்கு முன், தம் சொந்த மொழியில், ஒவ்வொரு முடிவுக்கும் நேராக இரண்டு வரி எழுதிக் கோப்போடு இணைத்துவைத்தால் அது இருக்கும். அந்த இரண்டு வரிக்கான கட்டம் பல நிறுவனங்களின் படிவங்களில் ‘குறிப்புகள்’ என்ற தலைப்போடு கடைசியாக அச்சிடப்பட்டிருக்கிறது. அதை நிரப்பாமலே அனுப்பிவிடலாம் என்றும் இருக்கிறது.